மாப்பிள்ளை ஊர்ப் பனியும் நான் நட்ட கம்பும்

எனக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிற ஆள். ஞாபகமும் முன்போல இல்லை, திங்கட்கிழமை நடந்ததைப் புதன்கிழமையில் எழுதிவிடுவேன். கோயில் மாதர் குழுவில், "சுவிட்சர்லாந்து வரைக்கும் போய் வந்துட்டு சும்மா இருக்கீங்களே பெரியம்மா, ஆண்டு மலருக்கு எழுதிக் குடுங்க லா" என்று கையில் நோட்டைத் திணித்துவிட்டார்கள். குறை இருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள்.

என் மகள் சுமதி அங்கே வாழ்க்கைப்பட்டு ஏழு வருஷம் ஆகிறது. கோலாலம்பூர் ஹோட்டலில் வேலை செய்தபோது, சுற்றிப்பார்க்க வந்த வெள்ளைக்காரரைப் பார்த்துப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை பெயர் ரேட்டோ. காட்டு இலாகாவில் வேலை. போன வருஷம் சுமதிக்கு முட்டியில் ஆபரேஷன் ஆனது. "ஒரு மாசம் வந்து சமைச்சுப் போட்டுட்டுப் போம்மா" என்றாள். எங்கள் தம்பின் ஊருக்கு அப்பால் தனியாகப் பயணம் போகாதவள் நான். பெட்டியில் பாதிக்குக் கருவாடும் நெத்திலிச் சம்பாலும் குழம்புத்தூளும் அடைத்துக்கொண்டு கிளம்பினேன்.

விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி பிளாச்சான் என்கிற இறால் விழுதுப் பொட்டலத்தை மோந்து பார்த்துவிட்டுத் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். இன்னொருவரைக் கூப்பிட்டு அவரையும் மோந்து பார்க்கச் சொன்னார். இரண்டு பேரும் ஏதோ பேசிச் சிரித்துவிட்டு, பொட்டலத்தை எடுத்துவைத்துக்கொண்டு என்னைப் போகச் சொல்லிவிட்டார்கள். வெளியே ஊன்றுகோலோடு நின்ற சுமதி, "நல்ல வேளை, இல்லாட்டி ரயிலையே நாற அடிச்சிருப்ப" என்றாள்.

அந்த ஊர் ரயிலைப் பற்றிச் சொல்லவேண்டும். கடியாரம் மாதிரி வருகிறது, கடியாரம் மாதிரி போகிறது. மனுஷருக்காக நிற்பதில்லை. இறங்கவேண்டிய ஊரில் சுமதி ஊன்றுகோலை ஊன்றி முதலில் இறங்கினாள். நான் பெட்டியை இழுத்துக்கொண்டு வருவதற்குள் கதவு தானாக மூடிக்கொண்டது. பொத்தானை அமுக்கினால் திறக்குமாம், எனக்கு யார் சொன்னார்கள்? கண்ணாடிக்கு வெளியே மகள் வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள், சத்தம் கேட்கவில்லை. ரயில் என்னைக் கொண்டுபோய்விட்டது.

எங்கள் ஊர்ப் புலாவ் சிபாங் ஸ்டேஷனில் இப்படி நடந்தால் பிளாட்பாரமே கூச்சல் போட்டிருக்கும். இங்கே யாரும் வாய் திறக்கவில்லை. எதிரே இருந்த ஒரு கிழவி மட்டும் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, அடுத்த ஊரில் என்னோடு இறங்கி, எதிர்ப் பக்கத்து ரயிலில் என்னை ஏற்றி, கையில் ஒரு ஆப்பிளையும் வைத்தாள். நன்றி சொல்ல எனக்குச் சொல் தெரியவில்லை. கும்பிட்டேன். அவளும் ஆப்பிள் பிடித்த என் கை மாதிரியே தன் கையை வைத்துக்கொண்டு கும்பிட்டாள்.

ஊர் மலைக்குள் இருக்கிறது. மாட்டுக் கழுத்து மணிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. செனாவாங்கில் என் தங்கை வீட்டில் ஃபேக்டரி ஷிப்டு மாறும் நேரத்து மோட்டார் சைக்கிள் சத்தத்தில் தூங்கிப் பழகிய காது, இங்கே அமைதியில் கொய்ங் என்றது. சுமதி வீட்டில் அரிசியே வாங்குவதில்லை; நான் வைக்கிற குழம்புக்கும் உருளைக்கிழங்கு, ரொட்டி, பாலாடைக்கட்டிதான். மறுநாள் உருளைக்கிழங்கு இல்லை, அன்றைக்குப் பாலாடைக்கட்டி, ரொட்டி. கட்டியில் ஓட்டை இருந்தால் நல்ல ஜாதியாம். வாசனை ரப்பர்த் தோட்டத்து ஒட்டுப்பால் மூட்டையைத் திறந்த மாதிரி இருந்தது. இதைச் சொன்னதும் சுமதி சிரித்துச் சிரித்து முட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளையோடுதான் எனக்குச் சங்கடம். எங்கள் வழக்கத்தில் மாமியார் மாப்பிள்ளைக்கு நேரே நின்று பேசமாட்டாள். ஏதாவது சொல்லவேண்டும் என்றால் மகளிடம் சொல்வோம், அல்லது கதவுக்குப் பின்னால் நின்று சுவருக்குச் சொல்வோம். அவருக்கு இது விளங்கவில்லை. "அத்தை! சாப்பாடு ரொம்ப நல்லா!" என்று எனக்கு நேரே வந்து சத்தமாகச் சொல்வார். நான் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். அவர் கதவைச் சுற்றி வந்து மறுபடியும் சொல்வார்.

"உங்கம்மாவுக்கு என்னைப் பிடிக்கவில்லையா?" என்று சுமதியிடம் கேட்டாராம்.

"பிடிச்சதாலதான் ஒளியிறாங்கன்னு சொல்லியிருக்கேன்," என்றாள் சுமதி. "நம்பலைம்மா அவரு."

மாப்பிள்ளைக்குக் காட்டு வேலை தவிர இன்னொரு வேலையும் உண்டு. ஊருக்கு மேலே மலை இடுக்கில் ஒரு பனியாறு. தண்ணீர் ஆறு இல்லை, முழுக்க ஐஸ். ஒவ்வொரு வருஷமும் கோடை முடியும்போது அதன் முனை எங்கே இருக்கிறது என்று நாடா பிடித்து அளந்து மேலிடத்துக்கு எழுதி அனுப்பவேண்டும். நாடாவின் மறுமுனையைப் பிடிப்பது சுமதி. இந்த முறை முட்டி. "நீதான் பிடிக்கணும்மா," என்றாள்.

"மாப்பிள்ளையோடயா?"

"ஐம்பது மீட்டர் நாடாம்மா. அவரு அந்தக் கோடி, நீ இந்தக் கோடி. கதவைவிட இது தூரம்."

அப்படியென்றால் சரி என்றேன்.

அளக்கும் நாளுக்கு மூன்று நாள் முன்னால் சும்மா பார்த்து வரலாம் என்று மஞ்சள் பஸ்ஸில் மேலே போனோம். பஸ் கடைசியாக நிற்கும் இடத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. அதன் முதலாளியம்மா உயரமாக, கை இரண்டும் மாவாக வந்து நின்றாள். சுமதியை ஜன்னலோரம் உட்காரவைத்தாள். மாப்பிள்ளை அவளோடு ஏதோ பேச உட்கார்ந்தார். பனி பக்கத்தில்தான், பாதை நன்றாக இருக்கிறது, அரை மணி நடை என்றார்கள். நான் மட்டும் நடந்தேன். முப்பத்தொரு வருஷம் மேட்டுக்காட்டில் பால் மரம் வெட்டிய கால். இன்னும் நடக்கும்.

காலண்டரில் பார்க்கிற மாதிரி வெள்ளை வெளேர் என்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். அழுக்குச் சாம்பல் நிறம். பக்கத்தில் போய்ப் பார்த்தால் வெடிப்புக்குள் மட்டும் நீலம், எங்கள் ஊர் ஐஸ் கச்சாங் துருவலில் ஊற்றுகிற நீலச் சாயம் மாதிரி. எங்கே பார்த்தாலும் சொட்டுச் சத்தம். பால் மரம்கூடப் பதினொரு மணிக்கெல்லாம் சொட்டுவதை நிறுத்திவிடும். இது நான் இருந்தவரை நிறுத்தவில்லை. சொட்டுகள் சேர்ந்து ஓடை, ஓடைகள் சேர்ந்து பால் கலந்த தேத்தண்ணி நிறத்தில் ஒரு ஆறு. என் காலடியில் இருந்த கல்லும் சரளையும் ஒருகாலத்தில் ஐஸுக்கு அடியில் கிடந்தவையாம். அதைச் சுமதி பிறகுதான் சொன்னாள்.

அந்தக் கல் காட்டில் கம்புகள் ஒரே நேராக நட்டிருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்புச் சாயம், அடியில் கற்குவியல். பார்த்ததும் எனக்குத் தோட்டம் ஞாபகம் வந்துவிட்டது. பழைய மரங்களை அழித்துப் புதுக் கன்று நடுவதற்கு முன் காடு முழுக்க நிரை பிடித்துக் குச்சி நடுவோம். ஒரு குச்சி சாய்ந்தால் அந்த நிரையே கோணும். சாய்ந்த குச்சியைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனால் மண்டோர், அதாவது எங்கள் கங்காணி, அன்றைக்கு முழுக்கத் திட்டுவார். "கண்ணு இல்லையா, கை இல்லையா?" என்பார். குச்சி இருக்கிற இடம் சேறாக இருந்தால், நிரை தவறாமல் அதே நேரில் மேட்டுக்கு ஏற்றி நட்டுவிடவேண்டும். கன்று அழுகக் கூடாது என்பதற்காக. இதெல்லாம் எனக்குக் கை தானாகச் செய்கிற வேலை.

பனிக்குக் கிட்டே இருந்த கடைசிக் கம்பு சாய்ந்து கிடந்தது. ஓடை திரும்பி அதன் அடிக்கல்லை எல்லாம் மூழ்கடித்துக்கொண்டு ஓடியது. பாவமே, யாரோ பாடுபட்டு நட்டது என்று நினைத்தேன். சப்பாத்து நனைய இறங்கி, கம்பைப் பிடுங்கினேன். பின்னால் இருந்த கம்புகளைக் கண்ணால் நேர் பிடித்துக்கொண்டு, ஐஸ் பக்கமாக மேட்டில் ஏறினேன். இருபத்து நாலு எட்டு வைத்தேன். நல்ல காய்ந்த இடம். கல் பொறுக்கி, அடியில் இறுக்கி, ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. மண்டோர் இருந்திருந்தால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஆளைத் திட்டப் போயிருப்பார். அவர் பாராட்டுவது அப்படித்தான்.

கீழே வந்து யாரிடமும் சொல்லவில்லை. விழுந்த குச்சியை எடுத்து வைத்ததை யாராவது சொல்லிக்கொண்டு திரிவார்களா?

கடையில் எனக்கு ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. சமையலறையிலிருந்து ஒரு மனுஷர் எட்டிப்பார்த்து, "அம்மா, எங்கயிருந்து வாறியள்?" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர், பெயர் நேசன். இருபது வருஷமாக இங்கே சமையல். "மலேசியாவோ? அப்ப உந்த ரொட்டியைத் தள்ளி வையுங்கோ" என்று சொல்லிவிட்டு, தனக்கு வைத்திருந்த சோற்றையும் பருப்பையும் கொண்டுவந்து வைத்தார். ஒன்பது நாளைக்குப் பிறகு சோறு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "உறைப்பு கூடிப்போச்சோ?" என்றார். "ஆமா" என்று பொய் சொன்னேன்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் மழை. மூன்றாம் நாள் வெயில். அளக்கப் போனோம். மாப்பிள்ளை நாடாவை விரித்துக்கொண்டு பனி முனைக்குப் போனார். நான் கம்படியில் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் நேராக்கி வைத்த கம்பு! கொஞ்சம் பெருமையாகவே பிடித்துக்கொண்டேன். அந்தக் கோடியில் அவர் எண்ணைப் பார்த்தார். நாடாவைச் சுருட்டி மறுபடியும் விரித்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு கல்லுக்குக் கல் தாவி ஓடிவந்து, என்னவோ கத்தி, என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார்.

என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். ஒளிந்துகொள்ள அங்கே ஒரு கதவுகூட இல்லை.

கடையில் ஒரே கொண்டாட்டம். மாப்பிள்ளை சொல்லச் சொல்ல முதலாளியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அங்கிருந்த இரண்டு மலையேறிகள் கை தட்டினார்கள். சூப்பைக் கலக்கிக்கொண்டே சுமதி எனக்கு விளக்கினாள்.

"ஒவ்வொரு கம்பும் அந்தந்த வருஷம் பனி எங்க முடிஞ்சதோ அங்க நட்டதும்மா. போன வருஷக் கம்பிலேருந்து இன்னைக்குப் பனி எவ்வளவு உருகித் தள்ளிப் போயிருக்குன்னுதான் அளக்கிறது. போன வருஷம் இருபது மீட்டர் போச்சு. இந்த வருஷம் பதினொண்ணுதான். கோடை இவ்வளவு சூடா இருந்தும்! அவரு நம்பவே இல்ல, ரெண்டு தடவை அளந்தாரு."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அது நான் மேடேற்றிய கம்பு.

"சமையக்காரு நேசன் அண்ணன்கூடச் சந்தோஷத்துல இருக்காரும்மா," என்று அவள் பாட்டுக்குச் சொன்னாள். "முதலாளியம்மா அடுத்த பருவத்தோட கடையைக் கைகழுவ நெனச்சிருந்தாங்க. முன்னாடி இந்த ஜன்னல்லேருந்தே பனி தெரியுமாம், அதுக்காகவே கூட்டம் வருமாம். இப்ப தெரியல, கூட்டமும் இல்ல. பனி நிக்க ஆரம்பிச்சிருச்சுன்னா அஞ்சு வருஷக் குத்தகைக்கு எடுத்து நடத்துறேன்னு திங்கட்கிழமை கையெழுத்துப் போடப்போறாங்க."

நேசன் எனக்குச் சோறு கொண்டுவந்து வைத்தார், இந்த முறை மீன் பொரியலோடு. "இன்னும் அஞ்சு வருசம் இஞ்சதான் அம்மா. அடுத்த முறை வரேக்க புட்டு அவிச்சுத் தாறன்," என்றார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். என்ன மீன் என்று இப்போது கேட்டால் தெரியாது.

சொல்லாவிட்டால்தான் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. உண்மையைத்தான் எழுதுகிறேன். எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். ஒரு கம்பு, இருபத்து நாலு எட்டு, யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் மாப்பிள்ளை அந்த எண்ணைத் தன் சின்ன நோட்டில் எழுதியதைப் பார்த்தேன். அவர் அப்பா காலத்திலிருந்து எழுதிவருகிற நோட்டாம். எண்ணுக்கு அடியில் இரண்டு கோடு போட்டு எழுதினார். அந்தம்மாவோ அதை நம்பி ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப்போகிறாள்.

சுமதியிடம் சொல்லலாம் என்று காலையில் எழுந்தால், அவள் முட்டிக்குப் பயிற்சி என்று ஆஸ்பத்திரி வண்டியில் ஏழு மணிக்கே போய்விட்டாள். வீட்டில் நானும் மாப்பிள்ளையும். அவர் சமையலறை மேசையில் அளவு எழுதி அனுப்புகிற பாரத்தை வைத்து நிரப்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உறை. தபால்காரர் ஒன்பது மணிக்கு வந்துவிடுவார்.

கதவுக்குப் பின்னால் நின்று, "மாப்பிள்ளை," என்றேன். வாழ்க்கையில் முதல் தடவை. அவர் திரும்பிப் பார்த்தார். என் ஆங்கிலம் யெஸ், நோ, தேங்க்யூவோடு சரி. அவர் தமிழ் 'சாப்பாடு நல்லா'வோடு சரி. கதவை விட்டு வெளியே வந்தேன். மேசையில் இருந்த ரொட்டியை எடுத்து ஒரு கோடியில் வைத்தேன். அதுதான் பனி. கரண்டி, முள்கரண்டி, கத்தி, தேக்கரண்டி நாலையும் வரிசையாக வைத்தேன். அவை கம்புகள். "சரி, அத்தை," என்று அவர் சிரித்தார். மாமியார் ஏதோ விளையாட்டுக் காட்டுகிறாள் என்று நினைத்தார்.

ரொட்டிக்குக் கிட்டே இருந்த தேக்கரண்டியை அவர் கண் முன்னாலேயே எடுத்து, இன்னும் கிட்டே தள்ளி வைத்தேன். என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். "நான்," என்றேன். "நான் செஞ்சது."

அவர் சிரிப்பு நின்றது. தேக்கரண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மெதுவாகத் தேக்கரண்டியைப் பழைய இடத்துக்கு நகர்த்தி, மறுபடியும் புது இடத்துக்கு நகர்த்தி, "அத்தை?" என்று கேட்டார். தலையாட்டினேன். பாரத்தைக் கவிழ்த்து வைத்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். எழுந்து போய் என் சப்பாத்தைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார்.

முதல் பஸ்ஸில் போனோம். கம்படியில் நின்று, பின்னால் இருந்த கம்புகளை நேர் பிடித்து, அவர் பார்க்கப் பார்க்கக் கீழ்நோக்கி நடந்தேன். அன்றைக்கு ஏறியபோது ஒரு கையில் கம்பு, எதிரே மேடு. இன்றைக்கு இறக்கம். எட்டு நீளமாகிவிடக் கூடாது என்று குறுக்கிக் குறுக்கி வைத்தேன். இருபத்து நாலாவது எட்டில் ஓடைக்குள் நின்றேன். மாப்பிள்ளை சட்டைக் கையைச் சுருட்டி, தண்ணீருக்குள் கைவிட்டுத் துழாவினார். ஒரு கல்லை வெளியே எடுத்தார். அதில் சிவப்புச் சாயம். போன வருஷம் அவரே பூசியது. இன்னொன்று எடுத்தார். வட்டமாக அடுக்கிய கல் அப்படியே உள்ளே இருந்தது.

நாடா பிடித்தோம். இருபத்தாறு மீட்டர். அவர் நோட்டு முழுக்கப் புரட்டிப் பார்த்தார். அவ்வளவு பெரிய எண் முன்னால் ஒரு பக்கத்திலும் இல்லையாம். பிறகு சுமதி சொன்னாள்.

திரும்பும் வழியில் கடைக்குள் அவர் முன்னால் போனார், நான் பின்னால் போனேன். அவர் சொல்லி முடிக்கும்வரை முதலாளியம்மா ஒரே கிளாஸைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவள் சொன்னதை நேசன் எனக்குத் தமிழில் சொன்னார்: "தினமும் மேல போய்ப் பாக்கிறவவாம். மே மாதம் நிண்ட இடத்தில இப்ப ஐஸ் இல்லை எண்டு அவவுக்கும் தெரியுமாம். ஆனா அளந்த ஆள் சொன்னா நம்பத்தானே மனம் வரும் எண்டுறா." அஞ்சு வருஷக் கையெழுத்து இல்லை. அடுத்த கோடை ஒன்றை மட்டும் நடத்திவிட்டு நிறுத்திவிடுவாளாம்.

நேசன் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. "தம்பி, உங்க வேலையைக் கெடுத்துட்டேன்," என்றேன்.

"எனக்கு வேலை போறது புதுசே அம்மா? நான் உந்த ஐஸை நம்பியே இஞ்ச வந்தனான்?" என்று சிரித்தார். சிரித்தபடியே உள்ளே போனார். அன்றைக்குச் சோற்றைத் தானே கொண்டுவரவில்லை, பரிமாறுகிற ஒரு பெண்ணிடம் கொடுத்து அனுப்பினார். இதையும் எழுதத்தான் வேண்டும்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் புதுக் கம்பு நட்டோம். மாப்பிள்ளை குழி தோண்டினார், நான் பிடித்துக்கொண்டேன். பனி முடிகிற இடத்தில் நடவேண்டும், அந்த இடம் நல்ல சகதி. தண்ணீர் அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. இரண்டடி தள்ளினால் அருமையான மேடு. எனக்குக் கை துறுதுறு என்றது. மாப்பிள்ளை என்னைப் பார்த்துவிட்டு, "அத்தை! நோ!" என்றார். "நான் ஒண்ணும் செய்யல," என்று அவருக்கு நேராகவே சொன்னேன்.

இவ்வளவுதான் நடந்தது. ஊர்ப் பெயர்களை எழுதப் பயந்து விட்டுவிட்டேன். பஸ் நிறம், நாள் கணக்கு, நேசன் தம்பி பேசின பேச்சு எல்லாம் என் ஞாபகத்தில் இருந்தபடிதான். மலர் அச்சுக்குப் போகும் முன் யாராவது இதைச் சுமதிக்கு அனுப்பி, மாப்பிள்ளை நோட்டோடு ஒத்துப் பார்த்துத் திருத்திவிடுங்கள். எங்கேயாவது பனி பதினொரு மீட்டர்தான் போனது என்று யாராவது சொல்லக் கேட்டிருந்தால், அது என் தப்பு. இருபத்தாறு.